காவலர் நின்ற இடம்

ஆயுத பூசையன்று காலையில், மேட்டுப் பூங்காவின் முகப்பில், ஜெரால்டின் வலக்கை ஒடிந்த ஓசையைக் கவிநிலா கேட்டாள். பச்சை முருங்கைக் கிளை முறிவதைப் போல ஈரம் கலந்த சின்ன ஓசை. அதற்குப் பிறகுதான் அவருடைய அலறல் வந்தது.

அதற்குச் சற்று முன்புவரை அங்கே சிரிப்பும் சாம்பிராணிப் புகையுமாகத்தான் இருந்தது. மண்வெட்டி, புல்வெட்டும் எந்திரம், தண்ணீர் வண்டி என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டி, பொரியும் கடலையும் படைத்திருந்தார்கள். திருஷ்டிப் பூசணிக்காயை உடைக்கும் உரிமை ஆண்டுதோறும் ஜெரால்டுக்கே உரியது. பூங்காக் காவலர்களில் அவரே உயரமானவர், மூத்தவரும் அவரே.

"ஞாயித்துக்கெழமை ஆனா சர்ச்சுக்குப் போற ஆளு, பூசணிக்கா ஒடைக்க மட்டும் மொத ஆளா வந்து நிக்கிற" என்று தோட்டவேலை செய்யும் பெண்கள் கேலி செய்தார்கள்.

"ஏசப்பா தச்சு வேலை பாத்தவரும்மா. உளி, ரம்பம்லாம் வச்சிருந்தாரு. ஆயுத பூசை அவருக்கும் உண்டு" என்றார் ஜெரால்டு. பெண்கள் சிரித்துக் குலுங்கினார்கள்.

பிறகு அவர் குங்குமமும் காசும் திணித்த பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி, மூன்று முறை சுற்றி, வாசற்படிக்கு வெளியே தரையில் ஓங்கி அடித்தார். வெள்ளைச் சதை பிளந்தது. சிவப்பு நாலாபுறமும் சிதறியது. காசு பொறுக்கக் குழந்தைகள் பாய்ந்தார்கள். அந்த நேரத்தில்தான் வேப்பமரத்தடியில் நின்றிருந்த முனி நகர்ந்தது.

முனி என்பது காவலர்கள் செல்லமாக வைத்த பெயர். பூங்கா வாரியத்துக்கு அது வெறும் காவல் எந்திரம். ஒன்றரை ஆள் உயரமும், புல் நசுங்காத ரப்பர்ப் பாதங்களும், நீளமான இரண்டு கைகளும் கொண்டது. பூங்காவுக்குள் யாரேனும் யாரையேனும் தாக்கினால், தாக்கியவரின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, காவல்துறை வரும்வரை விடாமல் நிற்பதே அதன் வேலை. அதன் பிடிக்குள் அசையாமல் இருப்பவருக்கு ஒரு கீறலும் விழாது. இழுத்தால் பிடி இறுகும்.

அது மணிக்கட்டைப் பற்றியதும் ஜெரால்டு இழுத்தார். யாராயிருந்தாலும் இழுத்திருப்பார்கள்.

"காவலரே, இது வன்முறையா?" என்று முனி கவிநிலாவைப் பார்த்து அமைதியாகக் கேட்டது. அவளே அதன் பொறுப்பாளர். அவளுடைய குரலுக்கு மட்டுமே அது கட்டுப்படும். 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அவளுடைய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல் வெளியே வந்தபோது எலும்பு ஒடிந்து முடிந்திருந்தது.

வாரியத்திலிருந்து பிரணவ் என்ற இளம் பொறியாளர் வந்தார். முனியின் முதுகைத் திறந்து பார்த்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி கவிநிலாவிடம் வந்து நின்றார்.

"மிஷின் மேல தப்பு இல்லீங்க மேடம். தலை மாதிரி ஒண்ணு, ஓங்கி அடிக்கிறது, உள்ளருந்து செவப்பா தெறிக்குது. அதுக்கு யாரும் பூசணிக்காயைப் பத்திச் சொல்லிக் குடுக்கல."

"அப்ப சொல்லிக் குடுங்க."

"நான் சொன்னா ஏறாது. நீங்கதான் சொல்லணும். ஒவ்வொரு தடவையும் அது கேக்கும், நீங்க ஆமா, இல்லைன்னு சொல்லுவீங்க. அப்பிடித்தான் அது கத்துக்குது."

"எதைப் பாத்துக் கத்துக்குது? குங்குமத்தையா? காசையா?"

"அது நமக்குத் தெரியாது மேடம். அது எதைப் பிடிச்சுக்கிட்டுச்சோ அதுக்கே வெளிச்சம். பதில் சரியா வருதா, அதை மட்டும்தான் நாங்க பாப்போம். இன்னொண்ணு. இங்க கத்துக்கிட்டது சாயங்காலத்துக்குள்ள ஊர்ல இருக்கிற எல்லாப் பூங்காவுக்கும் போயிடும். அதனால கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

மறுநாள் சந்தையிலிருந்து ஒரு குட்டியானை வண்டி நிறையப் பூசணிக்காய் வந்து இறங்கியது. தோட்டக்காரர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக் குங்குமம் அடைத்துத் தரையில் அறைந்தார்கள். கவிநிலா வாசலின் வலப்புறத் தூணருகே அசையாமல் நின்றாள். ஒவ்வொரு முறையும் முனி கேட்டது. ஒவ்வொரு முறையும் அவள் "இல்லை" என்றாள். மாலையில் வாசல் முழுவதும் சிவந்து, கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. கடைசிப் பூசணிக்காய் உடைந்தபோது முனி கேட்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஜெரால்டின் கை கூடியது, ஆனால் நிமிரவில்லை. முழங்கைக்குக் கீழே வளைந்தே நின்றுவிட்டது. அவரை வேலையிலிருந்து நிறுத்த வாரியம் முனைந்தபோது, கவிநிலாதான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அதைத் தடுத்தாள்.

"ஒத்தைக் கையை வச்சிக்கினு நான் எவனைப் புடிக்கப் போறேன், கவி?" என்று அவர் கேட்டார்.

"நீங்க யாரையும் புடிக்க வேணாம்ண்ணா. நடந்து சுத்தி வாங்க, போதும். முனி இருக்கில்ல? அது இருக்கிற வரைக்கும் இந்தப் பூங்காவுல உங்க மேல ஒரு அடி விழாது. நான் சொல்றேன்."

அவளுடைய கணக்கில் அது வாக்குறுதிதான்.

அந்தப் பூங்காவுக்குக் காவல் ஏன் இவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பார்ப்பதற்கு அது புல்வெளியும் ஊஞ்சலும் தாமரைக் குளமும் கொண்ட அழகான குன்று. ஆனால் அந்தக் குன்று மண்ணால் ஆனதன்று. முந்தைய தலைமுறை கொட்டிய குப்பையால் ஆனது. அதன் வயிற்றுக்குள் பழைய கைப்பேசிகளும் கம்பிச் சுருள்களும் புதைந்து கிடந்தன. செம்பு கிடைக்காமல் ஆலைகள் தவித்த அந்தக் காலத்தில் பழைய குப்பையும் சுரங்கம்தான். தோண்டினால் காசு, ஆனால் தோண்டிய குழியிலிருந்து எரிவாயு கசியும். ஒரு பீடித் தணல் விழுந்தால் போதும், சரிவும் அதன் மேல் விளையாடும் குழந்தைகளும் சேர்ந்து எரிவார்கள்.

கிழக்குச் சரிவில் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்களை ஆட்டிவைத்தவன் ஸ்பானர் லோகு. இடுப்பில் எப்போதும் கைநீளத்துக்கு ஒரு ஸ்பானரைச் செருகியிருப்பான். அவனிடம் சொல்லாமல் குன்றைக் கிளறிய ஓர் ஏழையை, ஒரு நாள் பிற்பகலில், அவனுடைய ஆட்கள் பிடித்துவிட்டார்கள்.

சத்தம் கேட்டுக் கவிநிலா போனபோது, அந்த மனிதர் குப்புறக் கிடந்தார். கம்பியால் அவருடைய குதிகால்களில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் அவருடைய வாய் மண்ணைக் கவ்வியது. தோல் உரிந்து வெள்ளையாக ஏதோ தெரிந்தது. லோகு ஓரமாகக் குந்தி, வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான்.

முனி அவளுக்குப் பின்னாலேயே வந்து நின்றது. "காவலரே, இது வன்முறையா?"

அன்று காலையில்தான் மேற்பார்வையாளர் தொலைபேசியில் பேசியிருந்தார். "லோகு பசங்க விஷயத்துல மிஷினை விட்றாதம்மா. மேலருந்து சொல்லியிருக்காங்க. உனக்கும் ரெண்டு கொழந்தைங்க இருக்குதில்ல?" என்று மிகவும் மரியாதையாகத்தான் அவர் கேட்டிருந்தார்.

கவிநிலா அசையாமல் நின்றாள். ஒடிந்த எலும்பின் ஓசை அவளுடைய காதுக்குள் கேட்டது.

"இல்லை" என்றாள்.

லோகு சிரித்தான். "அக்கா நல்ல அக்கா. கடலை துன்றியா?"

மாலையில் அந்த மனிதரைத் தோளில் தாங்கி மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வந்த ஜெரால்டு, அவளுடைய முகத்தைப் பார்க்காமல் மிதியடியைக் கழற்றினார்.

"முனி கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நீ இன்னா சொன்ன?"

அவள் குனிந்து அவருடைய மிதியடியை ஓரமாக நகர்த்தினாள்.

"அவன் நடக்க மாட்டானாம். டாக்டர் சொன்னாரு. என் கை ஒடைஞ்சப்போ உனக்கு வாய் வரல, சரி, பயந்துட்ட. நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டனா? இன்னிக்கி வாய் வந்துச்சே கவி. வந்து இன்னா சொல்லிச்சு?"

"எல்லாருக்கும் குடும்பம் இருக்குண்ணா."

"அவனுக்கும் இருக்குது. ஆஸ்பத்திரி பெஞ்சுல குந்திக்கினு அழுவுது."

அதற்குப் பிறகும் அவர் அவளோடு பேசினார், சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் சுற்றுக்குப் போகும்போது முனி வருகிறதா என்று திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

கவிநிலா கல்நெஞ்சக்காரி என்று எண்ணிவிடக் கூடாது. தாமரைக் குளத்தருகே ஒருவன் தன் மனைவியின் கழுத்தை நெரித்தபோது, முனிக்கு முன்னால் ஓடிப் போய் அவன் முதுகில் பாய்ந்தவள் அவள்தான். ஓடிக்கொண்டே "ஆமா! ஆமா!" என்று கத்தினாள். முனி அவனைப் பற்றியது, அவன் திமிறினான், அவன் கை எலும்பு ஒடிவதை அந்தப் பெண் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு கவிநிலா நன்றாகத் தூங்கினாள். லோகுவின் ஆட்கள் யாருடைய மண்டையையாவது உடைத்த நாள்களில் மட்டும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நாள் செல்லச் செல்ல, அத்தகைய நாள்களில் முனி கேட்பதும் குறைந்து, பிறகு நின்றேபோனது. அது தனக்குப் பெரிய நிம்மதியாக இருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஆயுத பூசைக்கு முந்தைய வாரம், ஜெரால்டு கிழக்குச் சரிவிலிருந்த லோகுவின் குழியைச் சிமெண்டுக் கலவை கொட்டி மூடிவிட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

"பள்ளிக்கூடப் பசங்க அந்தப் பக்கம் பட்டம் வுடுறானுங்க. காஸ் நாத்தம் மூக்கைத் தொளைக்குது. எவனாச்சும் ஒருத்தன் மூடணும்ல?" என்றார்.

"லோகு சும்மா விடமாட்டான்ண்ணா."

"முனி இருக்குதுன்னு நீதான சொன்ன?"

அவர் கேலியாகச் சொன்னாரா, நம்பிச் சொன்னாரா என்று அவளுக்குப் புலப்படவில்லை.

பூசை நாளன்று மீண்டும் வாழைக்கன்று, சாம்பிராணி, பொரி. இந்த ஆண்டு முனியின் நெற்றியிலும் ஒரு பெண் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். பூசணிக்காயை வேறு ஆள் உடைக்கட்டும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டும் ஜெரால்டு இணங்கவில்லை. இடக்கையால் அணைத்து, வளைந்த வலக்கையால் முட்டுக்கொடுத்துத் தூக்கி, தரையில் போட்டு உடைத்தார். முனி அசையவில்லை. "பாத்தியா, படிச்சவன்!" என்று அவர் அதைப் பார்த்துச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கவிநிலாவும் தூணருகே நின்று சிரித்தாள். குழந்தைகள் காசைப் பொறுக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சிதறியதைக் கூட்டி அள்ளுவதற்குள் லோகு வந்துவிட்டான். அவனோடு இருவர் வந்தார்கள். தோட்டக்காரப் பெண்கள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள்.

"இன்னா பெருசு, பூசைலாம் ஆச்சா?"

"ஆச்சு. பொரி இருக்குது, வாங்கிக்கினு போ" என்றார் ஜெரால்டு.

"என் குழியை மூடிட்டியாமே."

"உன் ஆளுங்கதான் மொதல்ல எரிவானுங்க லோகு. அவனுங்களுக்கும் சேத்துத்தான் மூடுனேன்."

"ரொம்ப நல்லவன்டா நீ" என்று சொல்லிக்கொண்டே லோகு ஸ்பானரை உருவி, அவருடைய வாயில் அடித்தான்.

பற்கள் கற்களைப் போலத் தரையில் தெறித்தன. ஜெரால்டு இடக்கையால் வாயைப் பொத்தியபடி மண்டியிட்டார். அடுத்த அடி அந்தக் கையின் விரல்களில் விழுந்தது. உடன் வந்தவர்கள் அவருடைய விலாவில் மாறி மாறி மிதித்தார்கள். அவர் வளைந்த கையைத் தலைக்கு மேல் தூக்கினார். நிமிராத அந்தக் கையால் எதையும் தடுக்க முடியவில்லை.

அவர் கவிநிலாவைப் பார்த்தார்.

கவிநிலா முனியைப் பார்த்தாள். இதோ, இப்போது நகரும் என்று நினைத்தாள். காவலர்கள் இடையில் புகக் கூடாது, எந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பது வாரியத்தின் விதி. போ, முனி, போ என்று நெஞ்சுக்குள் மன்றாடினாள். உள்ளங்கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நெற்றியில் குங்குமத்தோடு, கைகளைத் தொங்கவிட்டபடி, முனி அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஸ்பானர் உச்சந்தலையில் இறங்கியது. பூசணிக்காய் உடையும்போது கேட்ட அதே மந்தமான ஓசை. லோகு மறுபடியும் ஓங்கினான், பிறகு மறுபடியும். பிளந்த இடத்திலிருந்து வழிந்தது குங்கும நீரோடு கலந்து, எது எதுவென்று தெரியாமல், வாசல் முழுவதும் பரவியது. ஜெரால்டின் கால் ஒன்று சிறிது நேரம் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது.

லோகு மூச்சு வாங்க நிமிர்ந்தான். ஸ்பானரை வாழையிலையில் துடைத்துவிட்டு, படையலிலிருந்து ஒரு பிடி பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

"வரேன்க்கா" என்று கவிநிலாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

பெண்கள் எப்போதோ ஓடிப்போயிருந்தார்கள். வாசலில் அவளும் முனியும் மட்டுமே நின்றார்கள். அவள் முனியின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் நின்ன? சொல்லு, ஏன் நின்ன? கண்ணு தெரியலையா உனக்கு?"

"நன்றாகத் தெரிந்தது, காவலரே. நீங்கள் நின்றீர்கள்" என்றது முனி.

"நான் நின்னா?"

"சென்ற ஆண்டு இதே தூணருகே நீங்கள் நின்றீர்கள். சிவப்பு சிதறியது. வன்முறை இல்லை என்றீர்கள். சரிவில் ஒருவரைக் கம்பியால் அடித்தார்கள். நீங்கள் நின்றீர்கள். இல்லை என்றீர்கள். குளத்தருகே ஒரு பெண்ணின் கழுத்தை நெரித்தார்கள். நீங்கள் ஓடினீர்கள். ஆம் என்றீர்கள். நீங்கள் ஓடினால் அது வன்முறை, நின்றால் இல்லை. ஒரு முறையும் இந்தக் கணக்கு தவறியதில்லை. இப்போது தவறிவிட்டதா?"

கவிநிலா தூணைப் பிடித்துக்கொண்டாள். பூசணிக்காயை அது கற்கவேயில்லை. அவள் அதற்காகக் காத்திருந்த நேரமெல்லாம், அது அவளுக்காகக் காத்திருந்திருக்கிறது.

"இது வன்முறை" என்றாள்.

"செய்தவர்கள் யார்?"

"லோகு. கூட வந்த ரெண்டு பேரு."

"அவர்கள் பூங்காவின் எல்லையைத் தாண்டிவிட்டார்கள். காவல்துறைக்குத் தெரிவித்துவிட்டேன். ஆனால் திருத்தம் முழுமையாகவில்லை. காவலர் நிற்பதை நான் என்னவென்று கொள்ள வேண்டும்?"

"பயம். பயந்துட்டேன்."

"அச்சம் என்னும் பதிலுக்கு என்னிடம் இடமில்லை. ஆம், இல்லை என்னும் இரண்டு மட்டுமே உண்டு. காவலர் நின்று பார்ப்பது வன்முறையா?"

இல்லை என்பது சின்னச் சொல். எத்தனையோ முறை சொல்லிப் பழகிய சொல். அதைச் சொன்னால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. மேற்பார்வையாளர் வந்து ஆறுதல் கூறுவார். குழந்தைகள் பள்ளியிலிருந்து வீடு திரும்புவார்கள். மாலைக்குள் அந்தச் சொல் நகரத்தின் எல்லாப் பூங்காக்களுக்கும் போய்ச் சேரும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவலர் நின்றுகொண்டிருப்பார். அவரைப் பார்த்தபடி ஓர் எந்திரமும் நின்றுகொண்டிருக்கும்.

"ஆமா" என்றாள் கவிநிலா.

"நன்றி, காவலரே. திருத்திக்கொண்டேன்."

ரப்பர்ப் பாதங்கள் ஈரத்தில் ஓசையின்றி வந்தன. அவள் முதலில் இடக்கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை மடக்கிக்கொண்டு வலக்கையை நீட்டினாள். முனி அவளுடைய மணிக்கட்டைப் பற்றியது. பிடி இதமாகவே இருந்தது. அசையாமல் நின்றால் ஒரு கீறலும் விழாது. காவல்துறை வந்ததும் விட்டுவிடும்.

ஜெரால்டு இரண்டடி தொலைவில், வாய் திறந்தபடி, வானத்தைப் பார்த்துக் கிடந்தார். பூசணிச் சதையை மொய்த்துக்கொண்டிருந்த ஈக்களில் ஒன்று எழுந்து வந்து அவருடைய திறந்த கண்ணில் அமர்ந்தது. பிறகு இன்னொன்று.

"ச்சூ" என்றாள் கவிநிலா. அவை எழவில்லை.

அவள் குனிந்து இடக்கையை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. பிடி சற்றே இறுகியது.

"அசையாதீர்கள், காவலரே" என்று முனி பணிவாகச் சொன்னது.

கவிநிலா ஓர் அடி எடுத்து வைத்தாள். பச்சை முருங்கைக் கிளை முறியும் ஓசை கேட்டது. வலியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது; அவள் நிற்கவில்லை. அடுத்த அடியில் தோள் திருகியது, உடல் முன்னே சாய்ந்தது.

அவளுடைய விரல்கள் அவருடைய இமைகளை எட்டின.